நடுக்கத்துக்கு ஒரு பட்ஜெட்

விடிகாலை மூணு இருபது.
மகப்பேறு தியேட்டருக்கு வெளியே
சிலிண்டர்கள் சங்கிலியில் நிற்கும் மூலையில்
மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ஆராய்ச்சிப் பயிற்சி நிதிக்கு விண்ணப்பம்.
இன்றைக்குக் கடைசி நாள்.

பெயர்: ச. தெய்வக்கனி. துறை: மயக்கவியல்.
வயது: முப்பத்தைந்து முடிய இன்னும் பத்தொன்பது நாள்.
முடிந்துவிட்டால் நான் இளம் ஆய்வாளர் இல்லையாம்.
பாண்டுக்காக உசிலம்பட்டியில் இருந்த இரண்டு வருஷம்,
மகன் பிறந்து வீட்டில் இருந்த ஒரு வருஷம்,
அவற்றை எந்தக் கட்டத்தில் கழிப்பது என்று
படிவம் சொல்லவில்லை.

ஆய்வுக் கேள்வி, இருநூற்றைம்பது சொற்களுக்குள்.
எனக்கு ஒரு வரி போதும்:
வெளியே தார் உருகும் மதுரையில்
இவர்கள் ஏன் குளிரில் நடுங்குகிறார்கள்?

முதுகில் ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் ஆரம்பிக்கும்.
பல் தந்தியடிக்கும், மேசை ஆடும்,
மானிட்டரில் இதயத்தின் கோடு
ஒன்றாம் வகுப்புச் சிலேட்டுபோலக் கிறுக்கலாகும்.
போன வாரம் சோழவந்தான் முத்துப்பேச்சியிடம்
பிள்ளையைக் கன்னத்தருகே கொண்டுபோனோம்.
"தூக்கிட்டுப் போங்க, கை ஆடுது, போட்ருவேன்."
பிள்ளை தாயிடம் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.
'தாய்-சேய் பிணைப்பில் தாமதம்'
என்று எழுதி வைத்தேன்.

முன்னோட்டத் தரவு உண்டா?
உண்டு, ஆனால் சொல்லக் கூச்சம்.
சித்திரைத் தேர் நாளில் ஸ்டோர் வண்டி
மாசி வீதிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு
சலைன் பெட்டிகள் மத்தியானம் பூரா வெயிலில் வெந்தன.
அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு சிசேரியன்.
"யாருமே ஆடலையே டாக்டர்"
என்று முதலில் கவனித்தது நான் இல்லை,
தரை துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மா.
அஞ்சு பேர் ஆராய்ச்சி ஆக மாட்டார்கள்.
ஒச்சம்மாவின் பெயரைப் போட
இணை ஆய்வாளர் கட்டத்தில் பட்டம் கேட்கிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை.
சங்கத்தின் நிதி ஒன்று: ஐம்பதாயிரம், ஒரு சால்வை, போட்டோ.
வெளிநாட்டு ஃபெலோஷிப் ஒன்று:
விமான டிக்கெட் அவர்கள் தருவார்கள்,
மூன்று வயது மகனை எங்கே விடுவது என்பது என் பாடு.
ஒரு மருந்துக் கம்பெனிகூட வந்தது.
நடுக்கத்தை நிறுத்தும் ஊசி வைத்திருக்கிறார்கள்,
அதைச் சோதித்தால் காரே தருவார்கள் போல.
வெதுவெதுப்பைச் சோதிக்கலாமா என்று கேட்டேன்.
பிரதிநிதி சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார்.
வெதுவெதுப்புக்குக் காப்புரிமை கிடையாது.

பட்ஜெட் பக்கம்.
வெப்பமானி நாற்பது. உதவியாளர் சம்பளம், பன்னிரண்டு மாதம்.
வெப்பக் கட்டுப்பாட்டுப் பேழை ஒன்று, எட்டாயிரம் ரூபாய்.
ஒத்தக்கடையில் அதற்குக்
குஞ்சு பொரிக்கிற பெட்டி என்று பெயர்.
நிறுவனத்தின் பங்கு சதவீதம் எவ்வளவு என்று
அலுவலகத்தில் சவுந்தரபாண்டியனைக் கேட்டேன்.
"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்"
என்று ஒரு காலி ஃபைலைத் தூசி தட்டிக் கொடுத்தார்.
துறைத்தலைவர் கையெழுத்து மட்டும்
மூன்று நாளாகக் கொடைக்கானலில் இருக்கிறது.

சமர்ப்பி என்பதை அழுத்துகிறேன்.
செசீலியா சிஸ்டரின் போன் இணைப்பில்
சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
"டாக்டர், மேலூர் கேஸ் வந்தாச்சு!"

சுற்றட்டும்.
கை கழுவி உள்ளே போனால்
சலைன் பையைக் காணோம்.
ஒச்சம்மா திரும்புகிறாள்.
உறை பிரிக்காத பையை
முந்தானைக்குள் வயிற்றோடு அணைத்து
இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்கிறாள்.
"எத்தனை நேரமா?"
"இந்தம்மா ஆம்புலன்ஸ்ல ஏறினதா போன் வந்ததுலேர்ந்து."

வெப்பமானியை உறைமேல் வைக்கிறேன்.
முப்பத்துமூன்று புள்ளி நாலு.
எழுதத் தாள் இல்லை.
கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழிக்கிறேன்.